விளக்குப் பெட்டி

ஸ்ரீரங்கம்
10-1-1957

அன்புத் தம்பி வீரமலைக்கு அக்கா அமிர்தம் எழுதுவது.

நான் சுகம். என் முழங்கால் வலியும் சுகம்தான், என்னை விட்டுப் போக அதற்கு மனசு வரவில்லை. அம்பாலாவில் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொள். ஹவில்தார் கிளார்க்கு என்றால் குளிர் பயந்து ஓடிவிடாது.

உனக்குப் பெண் பேசி முடித்ததிலிருந்து மணப்பாறைச் சம்பந்தி மருதை என்னைத் தரையில் நடக்க விடுவதில்லை. பொங்கலுக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பினார். பாதியை உனக்குப் பார்சல் செய்திருக்கிறேன். பெண் செல்லக்கிளியே சுற்றியதாம், பல்லை உடைத்துக்கொள்ளாதே. வைகாசியில் முகூர்த்தம் என்பதில் மாற்றமில்லை.

இனி ஒரு சேதி. உட்கார்ந்து படி. வருகிற சட்டசபைத் தேர்தலில் நம் தொகுதியில் நான் நிற்கப்போகிறேன், சுயேச்சையாக.

போன வாரம் ஆளுங்கட்சி வேட்பாளரான வக்கீல் இலைச் சந்தைக்கு ஓட்டுக் கேட்க வந்தார். மறுநாள் எதிர்க்கட்சி வேட்பாளரான மில் முதலாளி வந்தார். இரண்டு பேரிடமும் ஒன்றைத்தான் கேட்டேன். முக்கொம்பு வரைக்கும் உள்ள தோட்டங்களில் வாழை இலை அறுத்து, விடிவதற்குள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கிற பெண்கள் நூற்றுப்பத்துப் பேர் இருக்கிறோம். மதியம் வீடு போய்ச் சேரும்வரை ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதற்குப் பயந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் மாரியாயி நீர்க்கடுப்பு வந்து இலைக் கட்டின் மேலேயே மயங்கி விழுந்தாள். நாலு தட்டியும் ஒரு கூரையும் போடுங்கள் என்றேன். ஆளுங்கட்சிக்காரர் சிரித்தார். எதிர்க்கட்சிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இதையெல்லாம் சபையில எப்படிம்மா எந்திரிச்சுப் பேசுறது?" என்றார்.

"பேச வெட்கப்படாதவ போனா சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மாரியாயியும் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டெபாசிட் பணத்தையும் அவர்களே திரட்டிவிட்டார்கள். இனி நான் பின்வாங்கினால் சந்தைக்குள் எப்படிப் போவேன்?

உன் அபிப்பிராயத்தை எழுது. நல்ல அபிப்பிராயமாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா அமிர்தம்


அம்பாலா
18-1-1957

அன்புள்ள அக்காவுக்கு வீரமலை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு உன் நலத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறேன். உன் 10-ந் தேதிக் கடிதம் 16-ந் தேதி கிடைத்தது. முறுக்கு நொறுங்காமல் வந்து சேர்ந்தது.

தேர்தல் விஷயமாகக் கண்டிருந்தாய். விளையாட்டுக்கு எழுதினாயா என்று மூன்று தடவை படித்தேன். அக்கா, நீ ஐந்தாம் வகுப்பு. எதிரில் நிற்பவர்களில் ஒருவர் வக்கீல், மற்றவர் மில் முதலாளி. மூன்றாவதாக நிற்பவர்களை ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் டெபாசிட் போகும். டெபாசிட் போனவளின் தம்பி என்று லீவில் வரும்போது என்னைக் காட்டுவார்கள்.

மேலும், பட்டாளத்தில் இருப்பவன் அரசியல் பேசக்கூடாது, எழுதக்கூடாது என்று விதி. ஆகவே இதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத இயலாது. மனுத் தாக்கல் செய்யாதே. அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவவும்.

இப்படிக்கு,
வீரமலை


ஸ்ரீரங்கம்
25-1-1957

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். வேப்பெண்ணெய் தடவினேன். நாற்றம் தாங்காமல் பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது.

உன் கடிதம் நேற்று வந்தது. மனு முந்தாநாளே கொடுத்தாயிற்று. நல்லவேளை, உன் பேச்சைக் கேட்காத பாவம் எனக்கு வரவில்லை.

தேர்தல் ஆபீசில் அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "நீங்கதானே வேட்பாளர்? கூட வந்த அம்மா யாரு?" என்றார். எனக்கு ஏஜென்டாக வந்த தாஜுதீன் பாய்தான் வேட்பாளர் என்று நினைத்துவிட்டார். (மலைக்கோட்டைக்குக் கீழே வாழைநார்க்கடை வைத்திருக்கிறாரே, அதே பாய்தான்.) "நாந்தாங்க வேட்பாளர்" என்றேன். தொழில் கேட்டார். இலை வியாபாரம். என்ன கட்சி என்று கேட்டார். இலைக் கட்டு என்று வாய் வரைக்கும் வந்தது, பாய் முறைத்ததால் சுயேச்சை என்றேன்.

சின்னம் கேட்டபோது மிச்சமிருந்தவை சேவல், ஏணி, விளக்கு. விளக்கை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி இருக்குமாம், பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்குமாம். திரைக்குப் பின்னால் போய்ப் பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். படிக்காதவர்களுக்கு இதைவிடச் சுலபம் கிடையாது.

நேற்று மேலூர் ரோட்டில் முதல் கூட்டம். மாட்டு வண்டிதான் மேடை. "தாய்மார்களே, நாம காலையில ஒதுங்க எடம் இல்லாம தவிக்கிறதை எந்த ஆம்பளையும் சட்டசபையில சொல்லமாட்டான். நான் சொல்றேன்" என்றேன். முன்வரிசையில் நின்ற ஆண்கள் நெளிந்தார்கள். பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது பார், தம்பி. கைதட்டல் எனக்காக விழுந்து நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நீ பெருமைப்படாவிட்டாலும் பரவாயில்லை, கோபப்படாதே.

அன்புடன்,
அக்கா


அம்பாலா
31-1-1957

அக்கா அவர்களுக்கு,

நலம். நலம் அறிய விரும்புகிறேன்.

மணப்பாறையிலிருந்து மருதை மாமா எனக்கு எழுதியிருக்கிறார். "உங்கள் அக்கா மாட்டு வண்டியில் ஏறி நின்று கக்கூஸைப் பற்றிப் பேசுகிறார். நானோ மணப்பாறையில் ஆளுங்கட்சிக்கு வேலை செய்கிறவன். நாலாந் தேதி வாபஸ் வாங்கக் கடைசி நாள். வாங்கினால் வைகாசியில் கல்யாணம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்" என்று கண்டிருக்கிறார்.

நீங்கள் என்னை வளர்த்தவர்கள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, இலை விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தீர்கள். அதை மறக்கவில்லை. ஆனால் இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், வாபஸ் வாங்குங்கள்.

இன்னொன்று. வேட்பாளர் பெயருக்குப் பட்டாளத்துக் கடிதம் வந்தால் வீண் பேச்சு வரும். இனி என் கடிதங்களை மலைக்கோட்டை தாஜுதீன் பாய் கடை விலாசத்துக்கே எழுதுவேன். அங்கே போய் வாங்கிக்கொள்ளவும்.

வீரமலை


ஸ்ரீரங்கம்
5-2-1957

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், என் மேல் கோபமாக இருந்தாலும்.

உன் கடிதம் நேற்றுக் காலை, நாலாந் தேதி, சந்தையில் என் கைக்கு வந்தது. நீ என்னை "நீங்கள்" என்று எழுதியதைப் பார்த்ததும் இலைக் கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டேன். இருபது வருஷத்தில் நீ என்னை அடித்திருக்கிறாய், கடித்திருக்கிறாய், கழுதை என்று திட்டியிருக்கிறாய். "நீங்கள்" என்று சொன்னதே இல்லை.

மாரியாயியிடம்கூடச் சொல்லாமல் ஜட்கா பிடித்துத் தேர்தல் ஆபீசுக்குப் போனேன். வாபஸ் வாங்கத்தான் போனேன், உன்மேல் சத்தியமாக. பாரம் வாங்கி என் பெயர் வரைக்கும் எழுதியாயிற்று. அதிகாரி வெளியே போயிருந்தார், மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். வராந்தாவில் காத்திருந்தேன். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தது தாங்க முடியவில்லை. பியூனிடம் மெதுவாக, "ஐயா, பொம்பளைங்க ஒதுங்க இங்க எங்கங்க?" என்று கேட்டேன். அவர் பாவம், சங்கடப்பட்டு, "ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா இருக்கு. இங்க பொம்பளைங்க யாரும் வர்றதில்லையே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராந்தாவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பாரத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டேன். அது இப்போது அடுப்பில் எரிந்துவிட்டது.

நீ முதல்முறையாகக் கேட்டதை நான் செய்யவில்லை. அதற்கு எனக்கு வேறு நியாயம் எதுவும் எழுதத் தெரியவில்லை. செல்லக்கிளி நல்ல பெண். அவளை நீ இழக்க நான் காரணமானால் அந்தப் பாரம் என் தலையில்தான், நான் சுமக்கிறேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஸ்ரீரங்கம்
18-2-1957

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இதுவரை மூன்று தடவை காவிரிப் பாலத்தைத் தாண்டி தாஜுதீன் பாய் கடைக்குப் போய் வந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் பாய் கையை விரிக்கிறார். அவர் மனைவி ஜஹானாரா, "நீங்க வர்ற நடைக்கு அம்பாலாவுக்கே போயிருக்கலாம்மா" என்று டீ கொடுக்கிறாள்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். அரசியல் எழுதக்கூடாது என்ற விதி உனக்குத்தான், எனக்கு இல்லை.

காலையில் வியாபாரம், மாலையில் ஓட்டு. நோட்டீசு அடிக்க வசதியில்லாததால் ஒரு பித்தளை விளக்கை ஏற்றிக் கையில் ஏந்திக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறோம். பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்து விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள், சிலர் குங்குமம் வைக்கிறார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. வக்கீல் வேட்பாளருக்குக் கார் இருக்கிறது, மில்காரருக்கு மைக் இருக்கிறது. விளக்கை யாரும் கும்பிடாமல் விட்டதில்லை.

மணப்பாறையிலிருந்து சத்தமே இல்லை. முறிந்துவிட்டது என்று நானே புரிந்துகொண்டேன். உன் மௌனமும் அதனால்தான் என்று தெரிகிறது. சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

அக்கா


(தபால் கார்டு)

அம்பாலா
22-2-1957

அக்காவுக்கு வணக்கம். நலம். குளிர் குறைந்திருக்கிறது. கம்பளி போதுமானது.

தகவலுக்காக இரண்டு விஷயம். ஒன்று: இங்கிருந்து திருச்சிக்கு ரிஜிஸ்தர் தபால் எத்தனை நாளில் சேரும் என்று போஸ்ட் ஆபீசில் விசாரித்தேன், ஐந்து நாள் என்கிறார்கள். இரண்டு: பொதுவாக எந்தப் பெட்டியானாலும், துவாரத்தின் வழியாக உள்ளே போட்டால்தான் சீட்டு செல்லும். பெட்டியின் மேல் வைத்தால் செல்லாது. போன தடவை சில ஊர்களில் மேலே வைத்துவிட்டு வந்தார்களாம். இது பொது அறிவு, வேறு எதுவும் இல்லை.

வீரமலை


ஸ்ரீரங்கம்
7-3-1957

அன்புத் தம்பிக்கு,

சுகம். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறது, ஆனால் சுகம்.

உன் கார்டைச் சந்தையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாரியாயி, "பொட்டியில போடத் தெரியாதா நமக்கு? தம்பி நம்மளப் பச்சப் புள்ளைங்கன்னு நெனச்சிருச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ரிஜிஸ்தரில் எனக்கு எதையாவது அனுப்பியிருக்கிறாயா? பாய் கடையில் ஒன்றும் வரவில்லை.

நேற்று ஓட்டுப் போட்டாயிற்று. விடிந்ததும் விடியாததுமாக நூற்றுப்பத்துப் பேரும் குளித்து, மஞ்சள் பூசி, ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல வரிசையில் நின்றார்கள். இலைச் சந்தை நேற்று நடக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் பாதி வீடு நேற்றுத் தட்டில்தான் சாப்பிட்டிருக்கும்.

நானும் போய்ப் போட்டேன். திரைக்குப் பின்னால் மூன்று பெட்டி. மூன்றாவதாக ஓரத்தில் என் விளக்கு. தம்பி, அரசாங்கத்துப் பெட்டி ஒன்றை என்னுடையது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே இருந்து ஆபீசர் கனைத்த பிறகுதான் சீட்டைப் போட்டேன்.

ஒரு கிராமத்துச் சாவடியில் சில சீட்டுகள் செல்லாமல் போனதாகப் பாய் சொன்னார். பெரிய விஷயமில்லை. ஒன்பதாந் தேதி எண்ணுகிறார்கள்.

அக்கா


ஸ்ரீரங்கம்
11-3-1957

அன்புத் தம்பி வீரமலைக்கு,

அக்கா சுகமாக இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் தோற்றுவிட்டேன்.

வக்கீலுக்குப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம், மில்காரருக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம். எனக்கு நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. நீ சொன்னபடியே டெபாசிட் போயிற்று. நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட நான் டீ வாங்கிக் கொடுத்ததில்லை. நான் கேட்டேன், அவர்கள் போட்டார்கள். எனக்குத் தலை குனியத் தோன்றவில்லை.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். செல்லாமல் போன சீட்டுகள் நாற்பத்தொன்று. ஒரு கிராமத்துப் பெண்கள் விளக்குப் படத்தைப் பார்த்ததும் சீட்டைப் பெட்டி மேலேயே வைத்து, பக்கத்தில் ஒரு பூவும் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்களாம். விளக்கின் மேல் சீட்டைத் திணிக்க மனசு வரவில்லையாம். ஆபீசர் வந்து பார்த்தபோது பெட்டியே தெரியவில்லை, அவ்வளவு பூ. தப்பு அவர்கள் மேல் இல்லை. விளக்கை ஏந்திப் போய் அவர்களைக் கும்பிட வைத்தது நான். உன் கார்டு வந்த பிறகாவது ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படித்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த நாற்பத்தொன்றால் முடிவு மாறியிருக்காது, ஆனாலும் அந்தப் பெண்கள் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டிகளைத் திறப்பதற்கு முன்னால் தபால் ஓட்டுகளை எண்ணினார்கள். பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மொத்தம் ஐந்து உறை வந்திருந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வாசித்தார். வக்கீலுக்கு இரண்டு, மில்காரருக்கு இரண்டு. கடைசி உறையைப் பிரித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "விளக்கு, ஒன்று" என்றார்.

அன்று எனக்கு விழுந்த முதல் ஓட்டு அதுதான்.

தாஜுதீன் பாய் என் பக்கம் திரும்பினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்த மண்டபத்தில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் அழுதிருப்பேன். அதற்குப் பிறகு என்ன எண்ணினார்கள், யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை.

நம் தொகுதியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஓட்டு இரகசியம். நான் யாரையும் எதுவும் கேட்கமாட்டேன்.

குளிர் விட்டதும் கம்பளியை வெயிலில் காயப் போடு.

அக்கா அமிர்தம்


அம்பாலா
19-3-1957

அன்புள்ள அக்காவுக்கு வீரமலை எழுதிக்கொண்டது. நலம். உன் நலமறிய ஆவல். கம்பளியைக் காயப் போட்டாயிற்று.

உன் 11-ந் தேதிக் கடிதம் கிடைத்தது. அதில் நீ எதையும் கேட்காததால் நானும் எதற்கும் பதில் எழுதவில்லை. விதி விதிதான்.

போன வாரம் கேப்டன் என்னிடம் வீட்டு நலம் விசாரித்தார். "உன் அக்கா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். யார் கேட்டாலும் இதுவரை "வீட்டில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவந்தேன். இலை விற்கிறாய் என்று சொன்னதில்லை. அதை இன்று உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். அன்று, "இலை வியாபாரம் செய்கிறார், சார். சட்டசபைத் தேர்தலில் நின்றார்" என்றேன். "ஜெயித்தாரா?" என்றார். "இல்லை சார். நின்றார்" என்றேன். அவர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். இது அரசியல் பேச்சில் சேராது, குடும்ப விஷயம்.

அந்தக் கிராமத்துப் பெண்களைப் போய்ப் பார். நாற்பத்தொரு பேர் உன் பெட்டிக்குப் பூ வைத்திருக்கிறார்கள், நீ ஏன் கூச்சப்பட வேண்டும்?

என் கடிதம் வாங்க உன்னை வலிக்கிற காலோடு பாலம் தாண்டி நடக்க வைத்தேன். மன்னித்துவிடு. இந்தக் கடிதம் சந்தைக்கே வரும். வைகாசி முதல் வாரத்திலிருந்து முப்பது நாள் லீவு சாங்ஷன் ஆகியிருக்கிறது. மணப்பாறை விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் அன்புத் தம்பி,
வீரமலை


ஸ்ரீரங்கம்
20-4-1957

அன்புத் தம்பி வீரமலைக்கு அக்கா அமிர்தம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம். உனக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உன் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள்.

அது வந்த கதையைக் கேள். தபால்காரர் சேக் மைதீன் சந்தை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உறையைத் தூக்கிப் பிடித்து, ஊர்கோலத்தில் கட்டியம் கூறுகிற மாதிரி வாசித்தார். "திருமதி அமிர்தம் அம்மாள் அவர்கள், சட்டசபை வேட்பாளர், விளக்குச் சின்னம், இலைச் சந்தை, ஸ்ரீரங்கம்!" சந்தை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. "எலெக்‌ஷன்தான் முடிஞ்சு போச்சேம்மா, இன்னும் வேட்பாளர்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். "அடுத்த எலெக்‌ஷன் வருதுல்ல" என்றேன். உறையைக் கடைச் சுவரில் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருந்ததை யாருக்கும் காட்டவில்லை.

அந்தக் கிராமத்துக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவர்களே, "அடுத்த தடவ உள்ள போட்டுர்றோம் தாயி" என்றார்கள். பொதுவாக எந்தப் பெட்டியிலும் உள்ளேதான் போட வேண்டும் என்று ஹவில்தார் ஒருவர் சொல்லியிருப்பதாக அவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெயித்த வக்கீல் நன்றி சொல்ல வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. மாரியாயி அவரைக் கையோடு அழைத்துப் போய்ச் சந்தையின் பின்பக்கத்தைக் காட்டினாள். பத்து நாளில் அனுமதி வந்தது. கீற்றுத் தட்டி கட்டி, நாலு அறை பிரித்து, கதவு போட்டாயிற்று. தட்டி கட்ட நார் முழுக்க தாஜுதீன் பாய் கொடுத்தது. முதல் நாள் மாரியாயி ஒரு செம்புத் தண்ணீரை எல்லார் முன்னாலும் மடக்கு மடக்கென்று குடித்தாள். அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். முந்தாநாள் மணப்பாறை மருதை சந்தைக்கு வந்தார். செல்லக்கிளிக்குக் கரூரில் மாப்பிள்ளை முடிந்திருக்கிறது, ஐந்நூறு நுனி இலை வேண்டும் என்றார். என் கண்ணைப் பார்க்காமலே பேசினார். எனக்குத் தாங்கவில்லை. "என்னால அந்தப் புள்ளையோட கல்யாணம் முறிஞ்சு போச்சு, மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் ஆச்சரியமாக நிமிர்ந்தார்.

"உங்களால எங்கம்மா? நாங்க முறிக்கலை. பொண்ணு ஆசைப்பட்டாளேன்னு நான் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னுதான் இருந்தேன். உங்க தம்பிதான் பிப்ரவரி பதினொண்ணாந் தேதியே எழுதிட்டாரே" என்றார். சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நாலே வரி. "பெண் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் அக்கா வாபஸ் வாங்கமாட்டார். வாங்கச் சொல்லும் வீட்டில் நான் பெண் எடுப்பதற்கில்லை. நான் கேட்டதே தப்பு."

தம்பி, நீ கோபத்தில் இருக்கிறாய் என்று நினைத்து நான் பாலத்தைத் தாண்டித் தாண்டி நடந்த நாட்களில் நீ இதை எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய். உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தால் ஒரு அறை கொடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதற்குள்ளே வலிக்கவும் செய்கிறது. செல்லக்கிளிக்கு ஐந்நூறு இலையையும் நானே தோட்டத்துக்குப் போய், ஒரு கிழிசல் இல்லாமல் பார்த்து அறுக்கப்போகிறேன்.

லீவுக்குக் கட்டாயம் வா. கல்யாணம் இல்லாவிட்டால் என்ன, உனக்கு வேறு பெண் பார்க்காமல் விடமாட்டேன். எழும்பூரிலிருந்து எந்த வண்டி என்று முன்கூட்டி எழுது. நான் மட்டும் ஸ்டேஷனுக்கு வருவதாகத்தான் இருந்தேன். ஆனால் இலைச் சந்தை மொத்தமும் அன்று கடை போடாமல் வருமாம். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார்கள். தபாலில் வந்த ஓட்டு ஒன்று என்று மட்டும்தான் அவர்களிடம் சொன்னேன். யாருடையது என்று நான் சொல்லவில்லை, தம்பி. ஓட்டு இரகசியம். ஆனால் பட்டாளத்தில் தம்பி இருக்கிறவள் இந்தச் சந்தையில் நான் ஒருத்திதான்.

அன்புடன் உன் அக்கா,
அமிர்தம்